இந்திய – பாகிஸ்தான் அரசதந்திர உறவு: முறிந்த உடன்பாடுகளும் நிலைத்த உடன்பாடுகளும்

1. முன்னுரை

அண்டை நாட்டு வேந்தனை இயல்பான பகைவனாகவும் அவனுக்கு அப்பால் உள்ளவனை இயல்பான நட்பினனாகவும் கொள்வது கௌடில்யரின் அர்த்தசாத்திரம் கூறும் அரசியல் நெறியாகும். இருபதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் ஒரே ஆட்சிப் பரப்பிலிருந்து பிரிந்து தோன்றிய இந்தியா, பாகிஸ்தான் ஆகிய இரு நாடுகளின் வரலாறு இந்நெறிக்கு எடுத்துக்காட்டாக அமைந்துவிட்டதோ என எண்ணத் தோன்றுகிறது. 1947–48, 1965, 1971, 1999 ஆகிய ஆண்டுகளில் அவ்விரு நாடுகளும் போரிட்டன. 2025 மே மாதத்தில் நான்கு நாள்கள் ஏவுகணைகளாலும் ஆளில்லா வானூர்திகளாலும் மோதிக்கொண்டன.

இவ்விரு நாடுகளின் உறவைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் போர்களையும் உச்சி மாநாடுகளையும் வரிசைப்படுத்திக் கூறுவர். தாஷ்கண்ட், சிம்லா, லாகூர், ஆக்ரா என ஊர்ப் பெயர்களே அவ்வரலாற்றின் படிக்கட்டுகளாக அமைகின்றன. இவ்வாறு நோக்கும்போது அவ்வுறவு நம்பிக்கைக்கும் ஏமாற்றத்துக்கும் இடையே ஊசலாடும் ஒன்றாக மட்டுமே தென்படும். ஆனால் அதே காலப்பகுதியில், தலைவர்கள் சந்தித்தாலும் சந்திக்காவிட்டாலும், தூதர்கள் இருந்தாலும் திருப்பி அழைக்கப்பட்டாலும், இடையறாது நடைபெற்றுவந்த சில கடமைகளும் உள்ளன. பட்டியல் பரிமாற்றம், ஆற்றுநீர் அளவுகளின் பரிமாற்றம், இராணுவ அதிகாரிகளின் தொலைபேசி உரையாடல் போன்றவை அவற்றுள் அடங்கும்.

இந்த இரண்டாம் அடுக்கினை முதன்மையாகக் கொண்டு, இவ்விரு நாடுகளுக்கிடையே ஏற்பட்ட உடன்பாடுகளுள் எவை நிலைத்தன, எவை முறிந்தன, அதற்குரிய காரணங்கள் யாவை என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. பிரிவினையும் தொடக்கக் கால உடன்பாடுகளும்

1947 ஆகஸ்டு 17ஆம் நாள் ராட்கிளிஃப் எல்லைக்கோடு வெளியிடப்பட்டபோது பஞ்சாபும் வங்காளமும் இரண்டாகப் பிளவுபட்டன. மக்கள் இடம்பெயர்ந்த துயரம் பெரிதும் எழுதப்பட்டுள்ளது. நிருவாகம் பிளவுண்டமை அந்த அளவுக்கு எழுதப்படவில்லை. இருப்புப் பாதைகள், கால்வாய்கள், படைத்தளவாடங்கள், கருவூலம் ஆகிய யாவும் பங்கிடப்பட வேண்டியிருந்தன. எல்லையின் இருபுறமும் அமர்ந்து பேசிய அலுவலர்களுள் பலர் சில மாதங்களுக்கு முன்புவரை ஒரே அலுவலகத்தில் பணியாற்றியவர்களே. தொடக்கக் கால உடன்பாடுகள் விரைந்து ஏற்பட்டமைக்கு இதுவும் ஒரு காரணம் எனலாம்.

கால்வாய் நீர்ச் சிக்கல் இதற்குத் தக்க சான்றாகும். மாதோபூர், பிரோஸ்பூர் ஆகிய இடங்களில் இருந்த தலைமதகுகள் இந்தியாவின் பகுதியிலும், அவற்றால் பாசனம் பெற்ற நிலங்களின் பெரும்பகுதி பாகிஸ்தானிலும் அமைந்துவிட்டன. 1947 டிசம்பரில் இரு பஞ்சாபுகளின் தலைமைப் பொறியாளர்களும் பழைய நிலையே நீடிக்கும் என ஓர் இடைக்கால ஏற்பாட்டினைச் செய்துகொண்டனர். அது 1948 மார்ச்சு 31இல் காலாவதியாயிற்று. மறுநாளே கிழக்குப் பஞ்சாப் அரசு நீரை நிறுத்தியது. மே 4ஆம் நாள் டெல்லியில் ஏற்பட்ட உடன்பாட்டின்பின் நீர் மீண்டும் விடப்பட்டது. மேல்மடையில் இருப்பவரின் மனப்போக்கினைச் சார்ந்தே கீழ்மடை வாழும் என்னும் அச்சம் பாகிஸ்தானின் நினைவில் ஆழப் பதிந்தது இந்நிகழ்வினால்தான்.

1949 செப்டம்பரில் இந்தியா தன் ரூபாயின் மதிப்பினைக் குறைத்தது. பாகிஸ்தான் குறைக்க மறுத்தது. அதுவரை பாகிஸ்தானின் ஏற்றுமதியில் பாதிக்கும் மேற்பட்ட பங்கினை இந்தியா பெற்றுவந்தது. நாணய மதிப்புப் பூசலால் அவ்வாணிகம் சரிந்தது. 1950 ஏப்ரல் 8ஆம் நாள் நேருவும் லியாகத் அலி கானும் சிறுபான்மையினர் பாதுகாப்புக் குறித்து ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டனர். பெரும் வன்முறைகளுக்கிடையே ஏற்பட்ட இவ்வுடன்பாடு போர் மூளாமல் தடுத்தது. எனினும், ஒவ்வோர் அரசும் தன் நாட்டுக்குள் என்ன செய்ய வேண்டும் என்பதை நல்லெண்ணத்துக்கே விட்டுவிட்டமையால் அதன் வலு விரைவில் குன்றியது. 1952இல் கடவுச்சீட்டு முறை புகுத்தப்பட்டது. ஊருக்கு ஊர் சென்றுவந்த உறவினர்கள் அயல்நாட்டாராயினர்.

3. சிந்து நதிநீர் உடன்படிக்கை

நல்லெண்ணத்தை நம்பாமல் விதிகளை நம்பிய முதற்பெரும் உடன்பாடு சிந்து நதிநீர் உடன்படிக்கையாகும். அமெரிக்க நாட்டின் டென்னஸி பள்ளத்தாக்கு ஆணையத்துக்குத் தலைமை தாங்கியிருந்த டேவிட் லிலியந்தால் 1951இல் இரு நாடுகளுக்கும் வந்து சென்றபின், இச்சிக்கலை அரசியலாக அன்றிப் பொறியியலாகக் கருதித் தீர்க்கலாம் என எழுதினார். உலக வங்கியின் தலைவராக இருந்த யூஜின் பிளாக் அக்கருத்தினை ஏற்று இரு தரப்பினரையும் அழைத்தார். 1952இல் தொடங்கிய பேச்சு எட்டாண்டுகள் நீடித்தது. 1960 செப்டம்பர் 19ஆம் நாள் கராச்சியில் நேருவும் அயூப் கானும் கையெழுத்திட்டனர்.

ஆற்றுநீரைப் பங்கிடுவதற்குப் பதிலாக ஆறுகளையே இவ்வுடன்படிக்கை பங்கிட்டது. ராவி, பியாஸ், சட்லஜ் ஆகிய கீழை ஆறுகள் இந்தியாவுக்கும், சிந்து, ஜீலம், செனாப் ஆகிய மேலை ஆறுகள் பாகிஸ்தானுக்கும் உரியவாயின. மொத்த நீரில் ஏறத்தாழ 80 விழுக்காடு பாகிஸ்தானைச் சேர்ந்தது. மேலை ஆறுகளில் குறிப்பிட்ட வரையறைக்குட்பட்டுப் பாசனம் செய்யவும் மின்சாரம் எடுக்கவும் இந்தியாவுக்கு இடமளிக்கப்பட்டது. பாகிஸ்தான் மாற்றுக் கால்வாய்கள் அமைத்துக்கொள்வதற்காக இந்தியா 6 கோடியே 20 இலட்சத்துக்குச் சற்றே மிகுந்த பிரிட்டிஷ் பவுன் தொகையினைப் பத்து ஆண்டுத் தவணைகளில் வழங்க ஒப்புக்கொண்டது. போர் மூண்ட 1965ஆம் ஆண்டிலும் அத்தவணை நிறுத்தப்படவில்லை.

உடன்படிக்கையின் உயிர்நாடி அது ஏற்படுத்திய நிரந்தரச் சிந்து ஆணையமே. இரு நாடுகளும் ஒவ்வோர் ஆணையரை அமர்த்த வேண்டும். ஆண்டுக்கு ஒருமுறையேனும் அவர்கள் கூட வேண்டும். நீரளவுக் குறிப்புகளைத் தவறாது பரிமாறிக்கொள்ள வேண்டும். கருத்து வேறுபாடு எழுந்தால் முதலில் ஆணையம், அடுத்து நடுநிலை வல்லுநர், இறுதியாக நடுவர் மன்றம் எனப் படிநிலைகள் வகுக்கப்பட்டன. செனாப் ஆற்றின் பக்லிஹார் அணை பற்றிய வேறுபாட்டில் 2007இல் நடுநிலை வல்லுநரும், கிஷன்கங்கா திட்டம் பற்றிய வழக்கில் 2013இல் நடுவர் மன்றமும் தீர்ப்பளித்தமை இப்படிநிலைகள் ஏட்டளவில் நின்றுவிடவில்லை என்பதைக் காட்டும்.

4. போர்களுக்குப் பிந்திய உடன்பாடுகள்

1965 ஏப்ரலில் கட்ச் சதுப்பு நிலப்பகுதியில் மோதல் நிகழ்ந்தது. பிரிட்டனின் முயற்சியால் ஜூன் 30இல் போர்நிறுத்தம் ஏற்பட்டு, எல்லையை வரையறுக்கும் பணி மூவர் கொண்ட நடுவர் மன்றத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அடுத்த சில வாரங்களில் காஷ்மீரில் முழுப் போர் மூண்டது. ஆயினும் நடுவர் மன்றம் கலைக்கப்படவில்லை. 1968 பிப்ரவரி 19இல் அது வழங்கிய தீர்ப்பு, பாகிஸ்தான் உரிமை கோரிய நிலப்பரப்பில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கினை அதற்கு அளித்தது. இந்திய நாடாளுமன்றத்தில் கடும் எதிர்ப்பு எழுந்தபோதிலும் இந்தியா தீர்ப்பினை ஏற்று எல்லைக் கற்களை நட்டது. அந்நிலப்பகுதியின் எல்லை அதன்பின் போருக்குக் காரணமாகவில்லை.

செப்டம்பர்ப் போரை முடித்துவைத்த தாஷ்கண்ட் பிரகடனம் சோவியத் பிரதமர் கொசிகின் முன்னிலையில் 1966 ஜனவரி 10இல் கையெழுத்தாயிற்று. அன்றிரவே லால் பகதூர் சாஸ்திரி அங்குக் காலமானார். படைகள் பழைய நிலைகளுக்குத் திரும்பியமை தவிர அப்பிரகடனத்தின் பிற எதிர்பார்ப்புகள் பெரும்பாலும் நிறைவேறவில்லை. இப்போரின் அதிர்வு மலேசியாவையும் தொட்டது என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது. ஐக்கிய நாடுகள் பாதுகாப்பு மன்றத்தில் மலேசியப் பிரதிநிதியாக இருந்த இரா. இரமணி ஆற்றிய உரை இந்தியாவுக்குச் சார்பானது எனக் கருதிய பாகிஸ்தான், 1965 அக்டோபரில் மலேசியாவுடனான அரசதந்திர உறவினைத் துண்டித்தது. அடுத்த ஆண்டில் அவ்வுறவு மீண்டது. இரு நாட்டுப் பகை மூன்றாம் நாடுகளின் உறவுகளையும் எவ்வாறு அளவிடத் தொடங்கியது என்பதற்கு இஃது ஒரு சான்றாகும்.

1971ஆம் ஆண்டுப் போரில் வங்காளதேசம் பிறந்தது. ஏறத்தாழ 93,000 போர்க்கைதிகள் இந்தியாவின் வசம் இருந்தனர். 1972 ஜூலை 2ஆம் நாளுக்குரிய சிம்லா உடன்பாட்டில் இந்திரா காந்தியும் சுல்ஃபிகர் அலி புட்டோவும் கையெழுத்திட்டனர். வேறுபாடுகளை இருதரப்புப் பேச்சின் வழியே தீர்ப்பது என்பதும், காஷ்மீரில் 1971 டிசம்பர் 17ஆம் நாளைய போர்நிறுத்தக் கோட்டினைக் கட்டுப்பாட்டுக் கோடாக மதிப்பது என்பதும் அதன் இரு தூண்கள். முதலாவதன் பொருளை இரு நாடுகளும் வெவ்வேறாகக் கொண்டன. மூன்றாமவருக்கு இனி இடமில்லை என இந்தியாவும், ஐக்கிய நாடுகள் தீர்மானங்கள் இன்னும் உயிருடன் உள்ளன எனப் பாகிஸ்தானும் வாதிட்டன. இரண்டாவதோ நிலப்படத்தில் வரையப்பட்ட கோடாதலின் விளக்கத்துக்கு இடமின்றி நின்றது. 1976இல் தூதரக உறவு மீண்டும் தொடங்கியது. அவ்வாண்டு ஜூலை 22இல் லாகூருக்கும் அமிர்தசரசுக்கும் இடையே சம்ஜவுதா விரைவுத் தொடர்வண்டி ஓடத் தொடங்கியது.

5. அணுவாயுதக் காலமும் ஜனவரி முதல் நாளும்

1980களில் இரு நாடுகளும் மற்றதன் அணு நிலையங்களைத் தாக்கக்கூடும் என்னும் ஐயம் பரவியது. 1985 டிசம்பரில் ராஜீவ் காந்தியும் ஜியா உல் ஹக்கும் அவ்வாறு தாக்குவதில்லை என வாய்மொழியாக இசைந்தனர். அந்த இசைவு 1988 டிசம்பர் 31இல் இஸ்லாமாபாத்தில், ராஜீவ் காந்தியும் பெனசீர் புட்டோவும் பிரதமர்களாக இருந்தபோது, எழுத்து வடிவம் பெற்றது. 1991 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த இவ்வொப்பந்தத்தின்படி ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1ஆம் நாள் இரு நாடுகளும் தத்தம் அணு நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்ள வேண்டும். 1992இல் தொடங்கிய இப்பரிமாற்றம் அதன்பின் ஓர் ஆண்டும் தவறவில்லை.

இதன் சிறப்பினை 2002 ஜனவரி 1ஆம் நாள் நன்கு விளக்கும். 2001 டிசம்பர் 13இல் இந்திய நாடாளுமன்றம் தாக்கப்பட்டது. இந்தியா தன் தூதரைத் திருப்பி அழைத்தது. இலட்சக்கணக்கான படையினர் எல்லையில் குவிக்கப்பட்டனர். சம்ஜவுதா தொடர்வண்டியும் டெல்லி – லாகூர்ப் பேருந்தும் 2002 ஜனவரி 1 முதல் நிறுத்தப்பட்டன. அதே நாளில் அணு நிலையங்களின் பட்டியல் வழக்கம்போல் பரிமாறப்பட்டது. பயணிகளுக்கு மூடப்பட்ட எல்லையை அரசுகளின் மிக மறைவான செய்தி ஒன்று எத்தடையுமின்றிக் கடந்து சென்றது.

இதே வகையில் படைப் பயிற்சிகளை முன்கூட்டி அறிவிக்கும் ஒப்பந்தம் (1991), ஏவுகணைச் சோதனைகளை முன்கூட்டி அறிவிக்கும் ஒப்பந்தம் (2005), அணுவாயுத விபத்துகளால் விளையும் இடரைக் குறைக்கும் ஒப்பந்தம் (2007) ஆகியனவும் ஏற்பட்டன. இவற்றுள் இறுதியாகக் கூறியது கையெழுத்தான சூழலும் கருதத்தக்கது. 2007 பிப்ரவரி 18ஆம் நாள் இரவு சம்ஜவுதா தொடர்வண்டியில் குண்டுகள் வெடித்து 68 பேர் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோர் பாகிஸ்தானியர். மூன்றே நாள்களில், பிப்ரவரி 21இல், டெல்லியில் அவ்வொப்பந்தம் கையெழுத்தாயிற்று.

6. உச்சி மாநாடுகளின் எழுச்சியும் வீழ்ச்சியும்

1998 மே மாதத்தில் இரு நாடுகளும் அணுவாயுதச் சோதனைகளை நிகழ்த்தின. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் வாஜ்பாய் பேருந்தில் லாகூருக்குச் சென்று நவாஸ் ஷெரீஃபுடன் லாகூர்ப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். பாகிஸ்தான் தீர்மானத்தின் நினைவுச் சின்னமான மினாரே பாகிஸ்தானுக்கும் அவர் சென்றார். பாகிஸ்தானின் இருப்பினை இந்தியாவின் தேசியவாத அரசியல் ஏற்றுக்கொண்டமைக்கு அது குறியீடாயிற்று. மூன்று மாதங்களுக்குள் கார்கில் மலைமுகடுகளில் போர் மூண்டது. 2001 ஜூலையில் ஆக்ராவில் வாஜ்பாயும் பர்வேஸ் முஷாரஃபும் நடத்திய பேச்சு கூட்டறிக்கை ஏதுமின்றி முடிந்தது.

2003 நவம்பர் 26 முதல் கட்டுப்பாட்டுக் கோட்டில் போர்நிறுத்தம் நடைமுறைக்கு வந்தது. 2004 ஜனவரி 6இல் இஸ்லாமாபாத்தில் வெளியிடப்பட்ட கூட்டறிக்கையைத் தொடர்ந்து எட்டுப் பொருள்கள் பற்றிய கூட்டுப் பேச்சு தொடங்கியது. 2005 ஏப்ரல் 7இல் ஸ்ரீநகருக்கும் முசாபராபாத்துக்கும் இடையே பேருந்து ஓடியது. 2006இல் முனாபாவ் – கோக்ராபார் இருப்புப் பாதை திறக்கப்பட்டது. 2008 அக்டோபரில் கட்டுப்பாட்டுக் கோட்டினைக் கடந்த பண்டமாற்று வாணிகமும் தொடங்கியது. மன்மோகன் சிங், முஷாரஃப் ஆகியோரின் சிறப்புத் தூதர்கள், எல்லைக்கோட்டினை மாற்றாமலேயே மக்கள் அதனைக் கடந்து செல்லும் வாய்ப்பினைப் பெருக்குவது பற்றி மறைவாகப் பேசிவந்தனர். 2007இல் பாகிஸ்தானில் நீதித்துறை நெருக்கடி மூண்டபின் அம்முயற்சி தளர்ந்தது. 2008 நவம்பர் 26இல் மும்பையில் நடந்த தாக்குதலில் 166 பேர் மாண்டபோது கூட்டுப் பேச்சும் நின்றது.

2015 டிசம்பர் 25இல் நரேந்திர மோடி முன்னறிவிப்பின்றி லாகூருக்குச் சென்றார். ஒரு வாரத்தில் பதான்கோட்டு வான்படைத் தளம் தாக்கப்பட்டது. 2019 பிப்ரவரியில் புல்வாமா தாக்குதலும் பாலாகோட்டு வான்தாக்குதலும் நிகழ்ந்தன. அவ்வாண்டு ஆகஸ்டு 5இல் ஜம்மு காஷ்மீரின் சிறப்புத் தகுதியினை இந்தியா நீக்கியபோது, பாகிஸ்தான் தூதரக உறவின் நிலையினைக் குறைத்து வாணிகத்தையும் நிறுத்தியது. உச்சி மாநாடுகள் தம்மளவில் பயனற்றவை எனக் கூறுதல் பொருந்தாது. சிம்லா இன்றிக் கட்டுப்பாட்டுக் கோடு இல்லை. ஆனால் இரு தலைவர்களின் நம்பிக்கையை மட்டுமே அடித்தளமாகக் கொண்டவை ஒரு வன்முறை நிகழ்வினால் தகர்ந்துபோகும் தன்மையனவாக இருந்தன.

7. நிலைத்தவற்றின் இயல்புகள்

மேற்கூறியவற்றை ஒப்புநோக்கும்போது நிலைத்த உடன்பாடுகளுக்கு மூன்று இயல்புகள் பொதுவாக இருப்பதைக் காணலாம். முதலாவது, பொருளின் வரையறை. அவை எந்த நாட்டையும் அதன் உரிமைக் கோரிக்கையைக் கைவிடுமாறு கேட்கவில்லை. இரண்டாவது, கடமையின் தன்னியக்கம். குறித்த நாளில் குறித்த செயல் நிகழ வேண்டும் என வகுக்கப்பட்டிருந்தமையால், அதனைத் தொடர்வதற்குப் புதிய அரசியல் முடிவு தேவைப்படவில்லை, நிறுத்துவதற்கே தேவைப்பட்டது. மூன்றாவது, இழப்பின் சமன்மை. உடன்பாடு முறிந்தால் இரு அரசுகளும் ஏறத்தாழ ஒரே அளவில் இழப்புறும் நிலை இருந்தது.

மூன்றாவது இயல்பே அனைத்திலும் முதன்மையானது எனலாம். தொடர்வண்டி, பேருந்து, நுழைவிசைவு, வாணிகம் ஆகியனவும் வரையறுக்கப்பட்ட சிறு உடன்பாடுகளே. எனினும் பல நெருக்கடிகளில் முதலில் நிறுத்தப்பட்டவை அவைதாம். அவற்றை நிறுத்துவதால் அரசுக்கு நேரடி இழப்பில்லை. சினத்தை வெளிப்படையாகக் காட்டும் வாய்ப்பே கிட்டுகிறது. இழப்பு, கராச்சியில் மகளையும் டெல்லியில் மகனையும் கொண்ட முதியோருக்கும், எல்லைச் சாவடியில் சுமை தூக்கிப் பிழைத்தோருக்கும் ஆயிற்று. மக்களை இணைத்த உடன்பாடுகள் எளிதில் முறிந்தமைக்கும், அரசுகளைக் காத்த உடன்பாடுகள் நிலைத்தமைக்கும் காரணம் இதுவேயாகும்.

கைதிகள் பற்றிய உடன்பாடு இவ்வேறுபாட்டினை ஒரே இடத்தில் காட்டும். குஜராத்துக்கும் சிந்து மாகாணத்துக்கும் இடையில் உள்ள சர் கிரீக் கழியின் எல்லை வரையறுக்கப்படாமையால், மீன் தேடிச் செல்லும் இருநாட்டு மீனவர்களும் கண்ணுக்குத் தெரியாத கோட்டினைக் கடந்து சிறைப்படுகின்றனர். 2008 மே மாதத்துத் தூதரகத் தொடர்பு ஒப்பந்தத்தின்படி ஆண்டுதோறும் ஜனவரி 1, ஜூலை 1 ஆகிய நாள்களில் கைதிகளின் பட்டியல் பரிமாறப்படுகிறது. 2025 ஜூலை 1ஆம் நாள் பட்டியலின்படி இந்தியச் சிறைகளில் 382 பாகிஸ்தானியப் பொதுமக்களும் 81 மீனவர்களும், பாகிஸ்தான் சிறைகளில் 53 இந்தியப் பொதுமக்களும் 193 மீனவர்களும் இருந்தனர். பட்டியல் குறித்த நாளில் வருகிறது. விடுதலையோ அரசியல் முடிவினைச் சார்ந்துள்ளமையால், நல்லெண்ண அடையாளம் தேவைப்படும் காலம்வரை காத்திருக்கிறது.

கர்த்தார்பூர் வழித்தடத்தினை இவ்விதிக்கு விலக்காகக் காட்டலாம். குரு நானக் இறுதிக்காலத்தில் வாழ்ந்த கர்த்தார்பூருக்கு இந்தியச் சீக்கியர்கள் நுழைவிசைவின்றிச் சென்றுவரும் இவ்வழி, இருநாட்டு உறவு தாழ்ந்திருந்த 2019இல், நவம்பர் 9ஆம் நாள், திறக்கப்பட்டது. சீக்கிய மக்களின் மனத்தாங்கலுக்கு ஆளாக இரு அரசுகளுமே விரும்பாமையால் அது திறக்கப்பட்டது எனக் கொள்ளின், அதுவும் இழப்பின் சமன்மைக்கே சான்றாகும். 2025 மே 7இல் மோதல் தொடங்கியபோது இந்தியத் தரப்பு அவ்வழியை மூடியது.

8. 2025: உடன்படிக்கை எதிர்கொண்ட சோதனை

2025 ஏப்ரல் 22ஆம் நாள் காஷ்மீரின் பஹல்காமில் நடந்த தாக்குதலில் 26 பேர் கொல்லப்பட்டனர். இதற்கு எல்லைக்கு அப்பாலிருந்து ஆதரவு கிடைத்ததாக இந்தியா குற்றஞ்சாட்டியது, பாகிஸ்தான் மறுத்தது. மறுநாள் இந்தியா சிந்து நதிநீர் உடன்படிக்கையை நிறுத்திவைப்பதாக அறிவித்தது. அட்டாரி எல்லைச் சாவடியை மூடியது; தூதரக அலுவலர் எண்ணிக்கையைக் குறைத்தது. ஏப்ரல் 24இல் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய வானூர்திகளுக்கு மூடியதோடு, சிம்லா உடன்பாடு உள்ளிட்ட இருதரப்பு உடன்பாடுகளை நிறுத்திவைக்கும் உரிமை தனக்குண்டு எனவும் கூறியது. மே 7 முதல் 10 வரை மோதல் நடந்தது.

மூன்று போர்களைக் கண்டும் நிலைத்த நதிநீர் உடன்படிக்கை 2025இல் ஏன் நிறுத்திவைக்கப்பட்டது என்பது இவண் எழும் வினாவாகும். முற்கூறிய முதலிரு இயல்புகளும் அதற்கு இருந்தன. மூன்றாவது இயல்பு குறையுடையதாக இருந்தது. மேல்மடை நாடும் கீழ்மடை நாடும் ஒரே அளவில் இழப்புறுவதில்லை. அக்குறையை உலக வங்கியின் இடையீடும், பன்னாட்டு நிதியும், விதிகளின் மீதான மதிப்புமே 65 ஆண்டுகள் ஈடுசெய்துவந்தன. அணைத் திட்டங்கள் பெருகியபின் ஒவ்வொரு திட்டத்தையும் பாகிஸ்தான் தடையாலும், இந்தியா அத்தடைக்கெதிரான சினத்தாலும் எதிர்கொண்டமையால் அம்மதிப்பு படிப்படியாகத் தேய்ந்தது. 2023 ஜனவரியிலேயே உடன்படிக்கையை மாற்றியமைக்குமாறு இந்தியா அறிவிக்கை அனுப்பியிருந்தது. எனவே 2025ஆம் ஆண்டு முடிவு திடீர் முறிவன்று. நீண்ட தேய்வின் இறுதிக்கட்டம் எனலே பொருந்தும். உடன்படிக்கையைத் தனியொரு நாடு நிறுத்திவைத்தல் தன் அதிகாரத்தைப் பாதிக்காது என நடுவர் மன்றம் 2025 ஜூனில் அறிவித்தது. அம்மன்றத்தையே ஏற்காத இந்தியா அதனைப் புறக்கணித்தது.

ஆயினும் அதே ஆண்டில் வேறு சில நிகழ்வுகளும் நடந்தன. மே 10ஆம் நாள் போர்நிறுத்தம் அமெரிக்காவின் முயற்சியால் விளைந்தது என அந்நாடும் பாகிஸ்தானும் கூறின; இருதரப்புப் பேச்சால் விளைந்தது என இந்தியா கூறியது. இவ்விரு கூற்றுகளில் எதனை ஏற்பினும், அது நடைமுறைக்கு வந்தது இரு நாட்டு இராணுவ நடவடிக்கைகளின் தலைமை இயக்குநர்கள் தொலைபேசியில் பேசிய பின்னரேயாகும். 2021 பிப்ரவரி 25ஆம் நாள் கட்டுப்பாட்டுக் கோட்டுப் போர்நிறுத்தம் புதுப்பிக்கப்பட்டதும் இவ்வழியில்தான். ஆகஸ்டு மாதப் பெருவெள்ளத்தின்போது தாவி ஆற்றில் நீர்ப்பெருக்கு வருவதை இந்தியா பாகிஸ்தானுக்கு அறிவித்தது. சிந்து ஆணையத்தின் வழியாக அன்றி, மனிதநேய அடிப்படையில் தூதரகத்தின் வழியாக அது அனுப்பப்பட்டது. கடமையாக இருந்த ஒன்று இங்கே கருணையாக மாறிவிட்டமை கவனித்தற்குரியது. வெள்ளக் கரையில் வாழும் உழவனுக்குக் கடமையாக வரும் செய்தியை எதிர்பார்த்திருக்க முடியும். கருணையாக வரும் செய்தியை அவ்வாறு நம்பியிருக்க இயலாது. 2026 ஜனவரி 1ஆம் நாள் அணு நிலையங்களின் பட்டியல் 35ஆம் முறையாகப் பரிமாறப்பட்டது.

9. முடிவுரை

இந்திய – பாகிஸ்தான் உறவு பகையிலிருந்து நட்புக்கோ நட்பிலிருந்து பகைக்கோ மாறிவந்த ஒன்றன்று. பகை நீடித்த நிலையிலேயே அதனை எவ்வளவு விதிகளுக்குட்படுத்த முடிந்தது என்பதே காலந்தோறும் மாறிவந்துள்ளது. அவ்வளவுகோலால் நோக்கின் 1960, 1968, 1988, 2003 ஆகிய ஆண்டுகள் பேரொலி எழுப்பிய மாநாட்டு ஆண்டுகளுக்கு இணையான இடம் பெறத்தக்கன. 2025 அவ்விதிகளுள் மிகப் பழமையானது ஆட்டங்கண்ட ஆண்டாகப் பதிவுபெறும்.

நவீன இந்திய வரலாற்றினைக் கற்பிக்கும் ஆசிரியர்கள், உடன்பாடுகளின் பெயரையும் நாளையும் மாணவர்க்குக் கூறுவதோடு, ஒவ்வோர் உடன்பாடும் யார்மீது என்ன கடமையைச் சுமத்தியது, அது முறிந்தபோது இழப்பு யாரைச் சேர்ந்தது என்னும் இரு வினாக்களையும் எழுப்புதல் நன்று. அவ்வாறு வினவும்போது, அரசுகளைக் காக்கும் பட்டியல்கள் குறித்த நாளில் எல்லையைக் கடக்க, மீனவரும் பிரிந்த குடும்பத்தாரும் எல்லையிலேயே நிறுத்தப்படும் முரண்பாடு புலப்படும். மக்களைக் காக்கும் உடன்பாடுகளையும் முறிக்க இயலாதனவாக ஆக்குவது எங்ஙனம் என்பதே, எழுபத்தெட்டு ஆண்டு அரசதந்திரம் விடை காணாது விட்டுச்சென்ற வினாவாகும்.